கண்ணீர் அஞ்சலிக்கு விட்ட இடம்

நான் வெப்சைட் டிசைன் செய்கிறவள். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில், ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறேன். வீடும் அதுதான், ஆபீசும் அதுதான். சென்னையில் ஒரு கூட்டத்தோடு உட்கார்ந்து செய்த வேலையை இங்கே ஒற்றை ஆளாகச் செய்கிறேன். வேலை மாறவில்லை. "இந்த நீலம் நல்லாயிருக்கா பாரு" என்று திரும்பிக் கேட்கத்தான் பக்கத்தில் ஆள் கிடையாது.

காலையில் "ஒரு பால் பாக்கெட்" என்பேன். மத்தியானம் "ஒரு பார்சல்" என்பேன். சாயங்காலம் கிளையன்ட்களோடு பேச்சு. எல்லாரும் வேறு நாட்டுக்காரர்கள். கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுவார்கள், நானும் அப்படித்தான். அவர்களில் ஒரு அம்மாளுக்கு வருஷக்கணக்காக வேலை செய்கிறேன், அவள் முகம் எனக்குத் தெரியாது. செய்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு, க்ளீனாக இருக்கிறது என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கீழே ஃப்ளெக்ஸ் மெஷின் ஓடும்போது என் தரை லேசாக அதிரும். அது நின்றுவிட்டால், வீட்டில் இருந்த யாரோ எழுந்து போய்விட்டதுபோல எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

எதிரே ஒரு டயர் கடை. அதற்குப் பின்னால், கட்டடங்களுக்கு மேலே கோட்டை மலை தெரியும். மலையிலிருந்து குரங்குகள் வரும். இன்டர்நெட் ஒயரைப் பிடித்துத் தொங்கும், கொடியில் துணி இருந்தால் இழுக்கும். நான் இங்கே வந்த புதிதில் ஒரு குரங்கு என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. மொட்டை மாடியில் நின்று அதனோடு இழுபறி நடத்திக் கத்து கத்தென்று கத்தினேன். ஒருத்தர்கூட என்ன என்று எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் பாதித் துப்பட்டாதான் கிடைத்தது. அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்து அழுதேன். துப்பட்டாவுக்காக யாராவது அழுவார்களா? அன்றைக்கு இருந்த நிலைமை அப்படி.

நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் சரிப்பட்டு வரவில்லை, புருஷனை விட்டுவிட்டு வந்தேன். அம்மா நான் காலேஜ் படிக்கும்போதே போய்விட்டாள். சொந்த ஊர் அவலூர்பேட்டையில் நைனா மட்டும் இருக்கிறார், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பெட்டியோடு போய் நின்றவளை வாசலிலேயே நிறுத்தி, "ஒன்னு அவங்கூட இரு, இல்லன்னா எங்கிட்ட பேசாத. நானும் பேச மாட்டேன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் மனுஷன் கெட்டி. நான் மட்டும் யார் பெற்ற பெண்? நானும் கெட்டி. ஊருக்குள் விடாவிட்டால் என்ன, ஊருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருந்து காட்டுகிறேன் என்று செஞ்சியில் வீடு பிடித்தேன். ஒரு பஸ் ஏறினால் அவலூர்பேட்டை. மூன்று வருஷமாக அந்த பஸ்ஸில் நானும் ஏறவில்லை, அவரும் ஏறவில்லை. அவர் ஒரு தடவை கூப்பிட வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கூப்பிட்டு என்ன திட்டினாலும் சரி.

அவர் கூப்பிடாத நேரத்தில் எல்லாம் நான் ட்ரெண்ட் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் அது ஒரு வியாதி. வருஷம் பிறந்தால் போதும், இனிமேல் வெப்சைட் எல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று யாராவது ஒரு பட்டியல் போட்டுவிடுவார்கள். ஒரு வருஷம் எல்லாம் கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்க வேண்டும். அடுத்த வருஷம் எல்லாம் கட்டம் கட்டமாக, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்த மாதிரி இருக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் வெள்ளை. பக்கம் நிறையக் காலி இடம், நடுவில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அடியில் ஒரே ஒரு வரி. டிசைனர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் சைட்களில் அப்படி ஒரு பக்கம் வந்தால் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதில் ஒரு அமைதி இருக்கும். என் சைட்டையும் அப்படித்தான் செய்திருந்தேன். இங்கே குடிவந்த வாரமே மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்து ஒரு படம் எடுத்து, கலரை எல்லாம் உருவிவிட்டுப் போட்டேன். என் நம்பரை வைத்திருக்கிறவர்கள் ஃபோனில் தெரிகிற என் படமும் அதுதான். நன்றாகத்தான் இருந்தது.

இந்த ஊரிலிருந்து எனக்கு முதலில் வந்த வேலை ஒரு எண்ணெய் மில். மேல்சித்தாமூர் ஜைனர் குடும்பம், மில் மட்டும் செஞ்சியில். வேர்க்கடலையை இங்கே மல்லாட்டை என்பார்கள், அந்த மல்லாட்டை எண்ணெய்தான் அவர்கள் வியாபாரம். மில்காரர் எழுபதை நெருங்குகிற மனுஷர், எதையும் மெதுவாகச் செய்கிறவர். ஒரு பழைய நோட்டீசை என் மேஜைமேல் விரித்து, "இதுல இருக்கறதெல்லாம் வரணும்மா" என்றார். மேலே தீர்த்தங்கரர் படம், இரண்டு பக்கமும் மல்லாட்டைச் செடி, நடுவில் சிவப்பில் கடை பெயர், மஞ்சளில் ஃபோன் நம்பர். பாக்கி இருந்த இடத்தில் டின், பாட்டில், பாக்கெட். விரல் வைக்க இடமில்லை.

"சார், இதையெல்லாம் எடுத்துடலாம். நீங்கதான் முக்கியம்" என்றேன்.

"நானா?"

"நாப்பது வருசமா நீங்கதானே மில்ல நடத்தறீங்க. உங்க முகத்தப் பாத்துதான் ஜனங்க நம்பறாங்க."

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மில் வாசலில் உட்கார வைத்துப் படம் எடுத்தேன். அவர் சிரித்தார். "சிரிக்காதீங்க சார், கொஞ்சம் தூரமா பாருங்க" என்று சொன்னது நான்தான். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்தப் பக்கத்துக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ட்ரெண்ட் பட்டியல் போடுகிறவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவர்கள் சொல்கிறபடி வரிகளை நெருக்கி வைத்தால் மேல் வரியில் இருக்கிற 'ழு'வின் வால் கீழ் வரியில் இருக்கிற 'கீ'யின் சுழியில் போய் மாட்டிக்கொள்ளும். அவர்களுடைய பட்டனுக்குள் நம் வார்த்தை பாதிதான் நுழையும். வரிக்கு வரி இடைவெளியைத் தளர்த்தி, எழுத்தைச் சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கி, ஒரு வாரம் மல்லுக்கு நின்றேன். கடைசியில் ஒன்று வந்தது. வெள்ளைப் பக்கம். நடுவில் மில்காரரின் கறுப்பு வெள்ளைப் படம், சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. அடியில் அவர் பெயர், அதற்கும் கீழே 'நாற்பது வருட உழைப்பு'. மேலே தாராளமாகக் காலி இடம். திறந்தால் படம் மங்கலிலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து வரும். நான் செய்ததிலேயே அழகானது அதுதான் என்று நினைத்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. காட்ட ஆளில்லை. மில்காரருக்கு லிங்க்கை அனுப்பினேன். சின்ன ஃபோனில் பார்த்துவிட்டு, "நல்லாகீதும்மா" என்று சொல்லித் தன் வியாபாரிகள் குரூப்பில் போட்டுவிட்டார்.

மறுநாள் மத்தியானம் பார்சல் வாங்கப் போனேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் ஒரு பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கட்டியாகிவிட்டது, இன்னொரு பக்கம் காற்றில் ஆடியது. அது நின்றதும் பார்த்தேன். என் மில்காரர். நான் எடுத்த படம், நான் போட்ட கறுப்புக் கோடு, நான் தேர்ந்தெடுத்த எழுத்து. மேலே நான் விட்டிருந்த காலி இடத்தில் பெரிதாகக் கண்ணீர் அஞ்சலி என்று இருந்தது.

ஐயோ, நேற்றுத்தானே பேசினார். பார்சலை அங்கேயே விட்டுவிட்டு எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நான் அண்ணா என்பேன், அவர் என்னைக் கிண்டலாக மேடம் என்பார்.

"அண்ணா, மில்காரர் எப்ப தவறினாரு?"

"உங்களுக்குத் தெரியாதா? நேத்தே நீங்கதான போட்டிருந்தீங்க?"

"நான் இன்னா போட்டேன்?"

ஃபோனை எடுத்து நீட்டினார். என் பக்கம் மங்கலிலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. "வியாபாரிங்க சங்கத்துலேர்ந்து அவசரமா கேட்டாங்க. அவரு நம்பர்லேர்ந்து வூட்டு ஆளுங்கதான் குரூப்ல போட்டாங்கன்னாங்க. உங்க டிசைன் ரெடியா இருந்துச்சு, அப்டியே எடுத்துக்கினேன். ஒண்ணும் மாத்தல மேடம். மேல எடம் வேற நெறைய வுட்டிருந்தீங்க, எழுத்து கச்சிதமா குந்திக்கிச்சு" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஊர்ச் சுவரில் சிரிக்கிற கலர் முகம் இருந்தால் பிறந்தநாள், கல்யாணம், காதுகுத்து. கறுப்பு வெள்ளையில் சிரிக்காத முகம் இருந்தால் ஒன்றே ஒன்றுதான். இதைச் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். அந்தச் சுவர்களுக்கு நடுவேதான் தினமும் பால் வாங்கப் போகிறேன். மாடி ஏறி ஸ்க்ரீன் முன்னால் உட்கார்ந்ததும் நான் வேறு ஊருக்குப் போய்விடுகிறேன் போல.

மில்காரர் வீட்டுக்குப் போனபோது தெருவில் வண்டிகள். பந்தல்காரர் மூங்கிலை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார். மில்காரர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிதான் உட்கார வைத்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம் அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்கள். வாங்கி வந்த மாலைகள் போட இடமில்லாமல் ஒரு மூலையில் கிடந்தன.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். கத்தவில்லை, கத்தியிருக்கலாம். "ஏம்மா, நாங்க உனக்கு இன்னா கெடுதல் பண்ணோம்?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லம்மா, இது ட்ரெண்டு. வெளிநாட்டுல எல்லாரும் இப்டித்தான் போடறாங்க."

"வெளிநாட்டுக்காரனா வந்து எங்கிட்ட எண்ணெ வாங்கப் போறான்?" என்றார் மில்காரர், சாதாரணமாக.

அதற்குள் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வந்தவர் மில்காரரின் தம்பி. அவலூர்பேட்டையில் எண்ணெய்க் கடை வைத்திருப்பவர். மில்லைப் பிரித்ததில் இரண்டு பேருக்கும் சண்டை வந்து வருஷக்கணக்கில் பேச்சு வார்த்தை இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் குனிந்த தலையோடு ரோஜா மாலையை இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். முகம் முழுக்கக் கண்ணீர். நாலடி வைத்த பிறகுதான் நிமிர்ந்தார். எதிரே அண்ணன் காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார். மனுஷனுக்கு முன்னால் போவதா, திரும்பிப் போவதா தெரியவில்லை. கையில் மாலை வேறு.

மில்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அத அங்க வெச்சுட்டு குந்து. கை வலிக்கப் போவுது" என்றார்.

தம்பி உட்கார்ந்து, முன்னைவிட அதிகமாக அழுதார். "அழாதடா, இருக்கறேன் இல்ல" என்று மில்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜைனர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறவர்கள். அன்றைக்கு அந்த அம்மா அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டார். எனக்கும் ஒரு இலை போட்டார். கோபம் போய்விட்டது என்று இல்லை, சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நிற்கிறவளை எப்படி அனுப்புவது என்றுதான். நான் யாரோடும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

கிளம்பும்போது மில்காரர் வாசல் வரை வந்தார். "கலர்ல போட்டுடும்மா. ஃபோன் நம்பர பெருசா போடு. சாமி படத்தையும் மேல வெச்சுடு" என்றார். சரி என்றேன். பிறகு தயங்கிக் கேட்டார்: "உன் நம்பர்லகூட உன் படம் இப்டித்தான் இருக்குது. மொத மொதல்ல பாத்து நானே திடுக்குனு ஆயிட்டேன். உங்க வூட்ல யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல சார்" என்றேன்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்த 'இல்ல சார்' என்னோடேயே வந்தது. அவர் படம் அப்படிப் போய் ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை. பந்தல், மாலை, பேனர், பேசாத தம்பி, எல்லாம் வந்துவிட்டது. என் படம் மூன்று வருஷமாக அப்படியே இருக்கிறது. நைனாவிடம் என் நம்பர் இருக்கிறது, அழித்திருக்க மாட்டார், அவ்வளவு தூரம் அந்த ஃபோனில் அவருக்குக் கைவேலை தெரியாது. ஆக, பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, இருக்கிறாளா போனாளா என்று ஒரு கால்கூடச் செய்யவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆத்திரம் தீர்ந்த பிறகு வந்தது ஆத்திரத்தைவிட மோசமாக இருந்தது. கீழே மெஷினும் ஓடவில்லை.

மில்காரர் பக்கத்தைக் கலருக்கு மாற்றினேன். தீர்த்தங்கரரும் மல்லாட்டைச் செடியும் திரும்பி வந்தார்கள். சிவப்பும் மஞ்சளும் திரும்பி வந்தன. எந்த டிசைனரிடமும் காட்ட முடியாத பக்கம். அவருக்கு ஆர்டர் வர ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு ஒரு காலை நேரம், வேலையில் இருந்தபோது ஃபோன் அடித்தது. நைனா. கட்டாகிவிடுமோ என்று பயந்து எடுத்தேன்.

"நான்தான்" என்றார்.

"தெரியுது நைனா."

"சாப்டியா?"

"சாப்ட்டேன். நீ?"

"ம்."

பின்னால் டீக்கடைச் சத்தம் கேட்டது. "மில்லுகாரரு தம்பி இங்க சொன்னாரு. அந்த போட்டோ நீ பண்ணதாமே."

"ஆமா."

"உன்னுதையும் மாத்து. கலர்ல போடு."

இதற்குத்தானா மூன்று வருஷம் காத்திருந்தேன் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மூணு வருசமா அப்டித்தான் இருக்குது. இப்பதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா உனக்கு?"

"போட்ட அன்னிக்கே பாத்தேன்" என்றார். "உங்கம்மா போட்டோவ ஸ்டூடியோக்காரன் அப்டித்தான் கலர எடுத்துட்டு மாட்டறதுக்குக் குடுத்தான். உன்னுத அந்த மாதிரி பாத்ததும் கை காலு ஓடல எனக்கு. யாரப் போய் கேக்கறது? பஸ் ஏறிட்டேன்."

"எங்க?"

"செஞ்சிக்குத்தான். நீ இருக்கற எடம் நம்ம பஸ்காரங்க சொல்லித் தெரியும். உங்க எதிர்ல டயர் கட கீது இல்ல, அங்க வந்து நின்னேன். நீ மாடில கொரங்குகூட சண்ட போட்டுனு இருந்த, துப்பட்டாவ இழுத்துக்கினு. கத்தற சத்தம் ரோட்டுக்கே கேட்டுது. சரி இருக்கறா, நல்லாத்தான் இருக்கறான்னு அடுத்த பஸ்ல திரும்பிட்டேன்."

ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று உட்கார்ந்து அழுத நாள் அது. ரோட்டைக் கடந்திருந்தால், பத்துப் படி ஏறியிருந்தால், அழுதவளைப் பார்த்திருப்பார்.

"கூப்ட்டு இருக்கலாம் இல்ல நைனா."

"நீ கூப்ட்டியா?"

இல்லைதான். "மாத்திடும்மா. பாக்க முடியல" என்றார், முன்பைவிட மெதுவாக.

"நேர்ல வந்து சொல்லு. மாத்தறேன்" என்றேன்.

"கொழுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

படத்தை நான் இன்னும் மாற்றவில்லை. கலர்ப் படம் தயாராகத்தான் இருக்கிறது, ஒரு நிமிஷ வேலை. காலையில் துணி காயப் போடும்போது டயர் கடைப் பக்கமே பார்த்துக்கொண்டு போடுகிறேன். அவலூர்பேட்டை பஸ் வருகிற நேரம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒற்றை ஆளுக்கு என்ன பெரிய துணி இருந்துவிடும், ஒன்றோ இரண்டோதான். அதையும் மெதுவாகத்தான் போடுகிறேன்.